விளக்கு அணையாத வீடு



பால்மரக் காட்டில் வாழ்ந்த குடும்பங்களுக்கு விடியற்காலை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கோழி கூவுமுன்னே லயத்தில் அடுப்பு புகையும். பெரட்டு முடிந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியோடும் வாளியோடும் நிரைக்குள் நுழையும்போது இருள் பிரிந்திருக்காது. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். நம்மில் பலர் இன்று செம்பனைத் தோட்டத்திற்கும் பட்டணத்து ஆலைகளுக்கும் மாறிவிட்டோம். என்றாலும் அந்த இருளையும் அந்த விளக்கையும் நாம் மறக்கவில்லை.

அதனால்தான் இயேசு பெருமான் சொன்ன ஓர் உவமை நமக்கு மிக நெருக்கமாகத் தோன்றுகிறது. லூக்கா எழுதிய நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. எஜமான் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறான். எந்த யாமத்தில் திரும்புவான் என்பது யாருக்கும் தெரியாது. வேலைக்காரர்கள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, விளக்கை ஏற்றி வைத்துக் காத்திருக்கிறார்கள். அந்த நாட்டில் நீண்ட அங்கி அணிவார்கள். வேலை செய்ய வேண்டுமானால் அதைத் தூக்கி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். நாம் வேட்டியை மடித்துக் கட்டுகிறோம். நம் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகுகிறார்கள். அதைப் போலத்தான். ஆகவே, விழித்திருப்பது என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது அல்ல. வேலைக்கு ஆயத்தமாக இருப்பது.

அப்படி விழித்திருக்க மனத்தில் அமைதி வேண்டுமல்லவா? அதையும் இயேசு அதே அதிகாரத்தில், இந்த உவமைக்கு முன்பே சொல்லிவிடுகிறார். காகங்களைப் பாருங்கள், காட்டுப் பூக்களைப் பாருங்கள், அவற்றைக் காப்பாற்றுகிற கடவுள் உங்களை மறப்பாரா என்று கேட்கிறார். காலையில் மழை பிடித்துக்கொண்டால் மரம் நனைந்துவிடும், வெட்ட முடியாது, அன்றைய கூலி போயிற்று. அந்தக் கவலை என்னவென்று நமக்குத் தெரியும். கவலைப்படாதே என்று சொல்வது எளிது. அரிசி டின் காலியாக இருக்கும்போது கேட்பதுதான் கடினம். ஆனால் காகத்தைப் பாருங்கள். அது கூட்டிலேயே கிடப்பதில்லை. விடிந்ததும் இரை தேடிப் பறக்கிறது. நம்பிக்கை என்பது சோம்பல் அல்ல. உழைக்கிற வரை உழைத்துவிட்டு, மீதியைத் தந்தையின் கையில் விட்டுவிட்டுத் தூங்குவது. அப்படித் தூங்கியவன்தான் மறுநாள் தெளிவாக விழித்திருப்பான்.

இனி, விழிப்பு எங்கே சோதிக்கப்படுகிறது என்று பார்ப்போம். சிங்கப்பூர் தாவரத் தோட்டத்திற்கு 1888-இல் தலைவராக வந்த ரிட்லி என்பவர், மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் காட்டினார். அந்த முறைதான் நம் கைகளுக்கு வந்தது. அளவாகச் சீவினால் பட்டை மறுபடி வளரும்; சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மீண்டும் வெட்டலாம். அவசரப்பட்டு உளியை ஆழமாக விட்டால் மரம் காயப்படும். காயம் பட்ட இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். அன்றைக்கு மங்கில் பால் நிறைந்துதான் இருக்கும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து அந்த மரத்துக்கு வருகிற வேறொரு பிள்ளைதான் அதன் நட்டத்தை அனுபவிப்பான்.

மண்டோர் ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் நிற்க முடியுமா? முடியாது. இருளில், தனியாக, நம் தலைவிளக்கின் வெளிச்சத்தில் நாம் போடுகிற வெட்டுதான் நம்முடைய உண்மையைக் காட்டுகிறது.

குடும்பமும் இப்படித்தான். அந்த உவமையைத் தொடர்ந்து இயேசு இன்னொரு வேலைக்காரனைப் பற்றிச் சொல்கிறார். வீட்டில் உள்ளவர்களுக்கு வேளாவேளைக்கு உணவு கொடுக்கும் பொறுப்பு அவனிடம் இருக்கிறது. எஜமான் வரத் தாமதமாகும் என்று எண்ணி அவன் குடித்து வெறிக்கிறான். தன் கீழே உள்ள ஆண்களையும் பெண்களையும் அடிக்கிறான். நேயர்களே, இது நம் லயங்களுக்குத் தெரியாத கதையா? சம்சுவும் கள்ளும் எத்தனை வீட்டுச் சம்பளத்தை விழுங்கின! அடுத்த வீட்டில் அடி விழுகிற சத்தம் கேட்டும், அது அவர்கள் வீட்டுக் காரியம் என்று நாம் எத்தனை முறை கதவைச் சாத்திக்கொண்டோம்! அதுவும் தூக்கம்தான். அந்த ஆழமான வெட்டின் காயம் பிள்ளைகளின் மனத்தில் பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

மனைவியும் பிள்ளைகளும் நமக்குக் கீழே இருக்கிறவர்கள் அல்லர்; நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள். இதை உணர்வதே தாழ்மையின் தொடக்கம்.

தாழ்மை என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. விசாரணையின்போது தம்மை அறைந்த காவலனிடம், நான் தவறாகப் பேசியிருந்தால் அதை எடுத்துக்காட்டு என்று இயேசு கேட்டார். கூலிக் கணக்கில் பிழை இருந்தால் அதை மரியாதையாகக் கேட்பது தாழ்மைக்கு விரோதமல்ல. தாழ்மை என்பது, எந்த வேலையும் நமக்குக் கீழானது அல்ல, எந்த மனிதரும் நமக்குக் கீழானவர் அல்லர் என்று நடப்பது.

அந்த உவமையின் மிகப் பெரிய வியப்பைக் கடைசியில் சொல்ல வைத்திருந்தோம். நள்ளிரவில் வந்த எஜமான் என்ன செய்கிறான்? விழித்திருந்த வேலைக்காரர்களை உட்கார வைத்து, தானே இடுப்பைக் கட்டிக்கொண்டு அவர்களுக்குப் பரிமாறுகிறான்! எந்த ஊரில் இப்படி நடக்கும்? ஆனால் நடந்தது. தம் கடைசி இரவில் இயேசு ஒரு துண்டை இடுப்பில் கட்டி, சீடர்களின் புழுதிக் கால்களைக் கழுவினார். கடைசி வேலைக்காரன் செய்யும் வேலை அது. சேறு படிந்த காலோடு வீடு திரும்புகிறவர்களுக்கு அதன் அருமை புரியும். சாதி கேட்டு, சபை கேட்டுக் கழுவவில்லை. தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவனின் காலையும் விட்டுவிடவில்லை.

ஆகவே, இன்று மாலையே நாம் தொடங்கலாம். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அண்டை வீட்டுப் பாட்டிக்கு ஒரு குவளை கஞ்சி கொண்டுபோகலாம். வேலைக்குப் போய் இன்னும் திரும்பாத தாயின் குழந்தையைச் சற்று நேரம் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையின் பள்ளிப் புத்தகத்தை எடுத்து, இன்று என்ன படித்தாய் என்று உட்கார்ந்து கேட்கலாம். குடிக்கு அடிமைப்பட்ட தம்பியைத் திட்டாமல், அவன் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்துப் போய்ப் பேசலாம். இவை ஊரார் பார்த்துப் பாராட்டும் காரியங்கள் அல்ல. எஜமான் வரும்போது காண விரும்பும் காரியங்கள் இவைதான்.

அவர் வரும் யாமம் நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. விளக்கில் எண்ணெய் இருக்கட்டும். கையில் வேலை இருக்கட்டும். மனத்தில் பயம் இல்லாதிருக்கட்டும்.