குளவியும் கணக்கும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. ஸ்கெலட்டன், கோலார் தங்கவயல்)



குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம் முன்னோர் கூறுவர். உண்மையில் நடப்பது வேறு. குளவி புழுவை மயக்கிக் கூட்டிலிட்டு முட்டையிடும். குஞ்சு அப்புழுவைத் தின்று வளர்ந்து குளவியாக வெளிவரும். கூடு கட்டாமலே பிற பூச்சிகளின் உடலுக்குள் முட்டையிடுவனவும் உண்டு. அவை ஒட்டுண்ணிக் குளவிகள்.

இவற்றால் நமக்கு என்ன பயன்? 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றிப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகியவற்றைச் சூறையாடிற்று. மல்பெரிக்கு மருந்தடித்தால் பட்டுப்புழுவும் மாளும். பட்டு விளையும் கோலார் மாவட்டத்தாருக்கு அத்துன்பத்தை விளக்க வேண்டுவதில்லை. 2010-இல் பெங்களூர் வேளாண் பூச்சி ஆய்வாளர்கள் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்னும் குளவியை வருவித்தனர். ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத அவ்வுயிர் மாவுப்பூச்சியை அடக்கிற்று.

கேட்டவுடன் அது கிடைத்தது எவ்வாறு? முன்பே அதைப் பிடித்துப் பெயரிட்டு, அதன் இரை இன்னதென்று எழுதி வைத்திருந்தனர். லேபிள் இல்லாத பார்சல் எவருக்கும் போய்ச் சேராது என்பதை இரயில்வே குமாஸ்தாவாகிய யான் நன்கறிவேன்.

அவ்வேலை வறண்ட காடுகளிலும் நடைபெற வேண்டும். மஞ்சள் கிண்ணத்தில் நீரும் சில துளி சோப்பும் வைத்தால் குளவிகள் நிறத்தை நாடி வந்து விழும். சுவீடன் நாட்டு ரெனே மலேஸ், கூடாரத்தின் மூலையில் பூச்சிகள் ஏறிக் குவிவதைக் கண்டு, 1934-இல் கூடாரப் பொறியை அமைத்தார். மழைக்குப் பின் வருவன வேறு, கோடையில் வருவன வேறு. ஆகவே ஆண்டு முழுவதும் பிடித்து, இடமும் நாளும் குறித்தல் வேண்டும்.

ஆந்திர எல்லைக்கப்பால் உள்ள கௌண்டின்யக் காடு 1990-இல் சரணாலயமாயிற்று. அங்கே யானையை எண்ணுவது நன்று. முட்புதரில் உழைக்கும் குளவியையும் எண்ண வேண்டும். காடு அழிந்தபின் கணக்கெழுத இயலாது.

அன்பர்களே! நிலத்தடியில், எவர் கண்ணிலும் படாது உழைத்தவர்களின் வழிவந்தோர் நாம். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது, காணப்படாத உழைப்பு எத்துணை எளிதில் மறக்கப்படும் என்பதையும் கண்டோம். ஆதலின் ஒன்று வேண்டுகிறேன். கொல்லைப் பப்பாளி இலையில் ஊதி உலர்ந்த மாவுப்பூச்சியைக் கண்டால் நசுக்காதீர்கள். அதனுள்ளே நம் துணைவன் வளர்ந்துகொண்டிருக்கலாம்.