கப்பலும் ரயிலும் கூடும் துறை

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழன்பர்களே! ஆனி மாதத்தில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய வண்டிகள் கூழாலை வாயில்களில் வரிசையாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அக்கூழ் சென்னைத் துறைமுகம் வழியாகவும் கடல் கடக்கிறது.

முன்னாளில் மூட்டையும் பீப்பாயும் ஒவ்வொன்றாகக் கப்பலேறின. 1956-இல் அமெரிக்காவில் ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 உலோகப் பெட்டிகளைச் சுமந்து சென்று புதுவழி காட்டிற்று. ‘கண்டெய்னர்’ எனப்படும் அப்பெட்டியைத் திறவாமலே கப்பலினின்று ரயிலுக்கும், ரயிலினின்று கப்பலுக்கும் மாற்றலாம். சென்னையில் இதற்கெனத் தனி முனையம் 1983-இல் திறக்கப்பட்டது. 2009-இல் இரண்டாவது முனையம் இயங்கத் தொடங்கிற்று.

முனையங்கள் பெருகினால் மட்டும் போதுமா? துறைமுக வாயிலில் லாரிகள் தேங்கினால் கப்பல் காத்திராது. நட்டம் மாந்தோப்பு வரை திரும்பி வரும். 45 வாகன்கள் கொண்ட ஒரு சரக்கு ரயிலோ 20 அடிப் பெட்டிகள் தொண்ணூற்றை ஒருங்கே ஏற்றிச் செல்லும்.

குறுந்தொலைவுக்கு ரயில் கட்டுப்படியாகாது என்பர். தனித்தனி ஆலைக்கு அது மெய்யே. பல ஆலைகளின் பெட்டிகள் ஓரிடத்தில் சேர்ந்தால் ஒரு வண்டி நிறையும், செலவும் பங்காகும்.

ஆதலின், துறைமுகத்தின் வளர்ச்சியைக் கரையிலுள்ள கிரேன்களை எண்ணி அளவிடுதல் போதாது. ரேணிகுண்டாவைக் கடக்கும் தண்டவாளம் உங்கள் தோப்பின் விளைவைக் குறித்த நாளில் கப்பலிடம் சேர்க்குமாயின், அதுவே மெய்யான வளர்ச்சி.