ஒருவர் வந்தார்



தலைமன்னார் இறங்குதுறைப் புகையிரத நிலையத்தில் ஒரு பை கேட்பாரற்றுக் கிடக்கிறதென வைத்துக்கொள்வோம். விட்டுச் சென்றது ஆணோ பெண்ணோ தெரியாது. தமிழில் அறிவிப்பதில் இடர் யாதுமில்லை: "பயணி ஒருவர் பையை விட்டுச் சென்றுள்ளார்." ஆங்கிலத்தில் அப்பயணியை 'ஹி' என்பதா, 'ஷி' என்பதா? பள்ளியில் நாம் கற்றது 'ஹி'. 1850ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டமொன்றும், ஆண்பாற் சொல் பெண்களையும் உட்படுத்தும் என்றே விதித்தது. இன்று பலர் 'தே' என்கின்றனர். அது பன்மைச் சொல். வினையும் 'இஸ்' என்னாது 'ஆர்' என்றே வரும். ஆள் ஒன்று, வினை பன்மையா, இலக்கணம் கெட்டது என்று சிலர் முகஞ்சுளிக்கின்றனர்.

நம் வீட்டிலும் இதுதானே வழக்கம்! 'ஒருவர்' என்னுஞ் சொல் ஆண், பெண் இருபாலுக்கும் உரியது. ஒருமைப் பொருளதாயினும் பன்மை வினையே கொள்ளும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துப் பெயரியல் இதனைக் கூறுகிறது. பவணந்தி முனிவரின் நன்னூலும், நாவலர் பெருமான் காண்டிகையுரை கண்ட அதே நன்னூல், இவ்வாறே விதிக்கிறது. 'வந்தார்' என்பதிலுள்ள 'ஆர்' பலர்பால் விகுதி. (ஆங்கில 'ஆர்' உடன் ஓசை ஒத்தது தற்செயலே, உறவு கொண்டாட வேண்டாம்.)

ஆங்கிலத்திலும் இது நேற்று முளைத்ததன்று. 14ஆம் நூற்றாண்டு எழுத்திலேயே ஒருவரைச் சுட்ட 'தே' வந்துள்ளது. 'யூ' என்பதும் முன்னர் பன்மைக்கே உரியதாயிருந்து, மரியாதை கருதி ஒருவருக்கும் வழங்கலாயிற்று. இன்று ஒருவரைப் பார்த்து 'யூ ஆர்' என்பதை எவர் பிழையென்பார்?

தமிழிலும் நாம் முழுதும் சீராக நடப்பதில்லை. 'ஒருவர் தம் கடமை' என்றெழுத வேண்டிய இடத்தில் 'தன் கடமை' என்று எழுதுவோர் எத்தனை பேர்! எழுத்தில் இருபாலுக்கும் பொதுவான 'அவர்', நம் பேச்சில் ஆணையே குறிக்கிறது. பெண்ணை 'அவ' என்கிறோம்.

எமது மன்ற விதிகளின் தமிழ்ப் படியில் 'உறுப்பினர் ஒருவர்' என்றிருக்கிறது. ஆங்கிலப் படியிலோ எங்கும் 'ஹி'. தமிழ்ப் படியில் இடம்பெற்ற நம் சகோதரிகளை ஆங்கிலப் படியில் காணோம். வரும் பொதுக்கூட்டத்தில் அதனைத் 'தே' என்று மாற்றி, வினையைப் பன்மையாகவே எழுதும்படி முன்மொழியவுள்ளோம். மறுத்துரைக்க விரும்பும் பெரியோர் அன்று நன்னூலையும் உடன் கொண்டுவருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.