கை தட்டினால் ஆறுமா இந்தக் காயம்?

(காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில், மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நடவு முடித்து வந்தவர்களும், ராத்திரி ஷிப்டுக்குப் போகவேண்டியவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். கூலிப் பிரச்னையை விட்டுவிட்டு நர்சுகளின் மனவேதனையைப் பற்றி ஏன் பேசுகிறோம் என்று சிலர் நினைக்கலாம். இதுவும் கூலிப் பிரச்னைதான்.

பஞ்சாலையில் பல வருஷம் உழைத்தவனுக்கு மூச்சு இறைக்கிறது, நெஞ்சு இறுகுகிறது. "அவன் உடம்பு அப்படி" என்றான் முதலாளி. "பஞ்சுத் தூசிதான் காரணம்" என்றான் தொழிலாளி. இன்று சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் அந்த நோய் இருக்கிறது. நஷ்டஈடு கேட்கும் உரிமையும் இருக்கிறது. கொரோனா காலத்தில் ஆஸ்பத்திரித் தொழிலாளிகளின் மனத்தில் பட்டதும் வேலையில் பட்ட காயமே. ஆனால் அந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது? உடம்பு முழுவதும் மூடிய உடுப்பு. மணிக்கணக்கில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க முடியாது. ஒதுங்கப் போக முடியாது. டூட்டி முடிந்தால் தனி அறை. பெற்ற குழந்தையைத் தொட முடியாது. சாகிறவர் பக்கத்தில் சொந்தக்காரர் யாருமில்லை. நர்ஸ் மட்டுமே நின்றாள்.

2020 ஏப்ரல் 19ந் தேதி சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். பிணத்திலிருந்து நோய் பரவும் என்று பயந்த ஒரு கூட்டம், அண்ணாநகர் வேலங்காடு மயானத்தில் ஆம்புலன்ஸைக் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. அவருடைய சக டாக்டர் பிரதீப் குமார், போலீஸ் காவலோடு திரும்பிப் போய், தம் கையாலேயே மண் தள்ளி அவரை அடக்கம் செய்தார். அன்றிரவு தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஆஸ்பத்திரித் தொழிலாளியும், "நாளைக்கு நமக்கும் இந்தக் கதிதானா?" என்று நினைத்திருக்கமாட்டாரா?

நமக்குப் பக்கத்துச் செங்கல்பட்டைப் பாருங்கள். 2021 மே 4ந் தேதி இரவு, அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 13 நோயாளிகள் இறந்தார்கள். ஆக்ஸிஜன் அழுத்தம் குறைந்ததாகச் செய்தி வந்தது. தட்டுப்பாடு இல்லை என்று அதிகாரிகள் மறுத்தார்கள். யார் சொல்வது சரியாக இருந்தாலும், படுக்கைக்குப் படுக்கை ஓடியவர்கள் அந்த இரவை எங்கே இறக்கி வைப்பார்கள்?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் சுமார் 1,15,000 சுகாதாரத் தொழிலாளர்கள் கொரோனாவுக்குப் பலியானார்கள். பிழைத்தவர்களுக்குக் கிடைத்த மரியாதை என்ன? 2020 மார்ச் 22ந் தேதி கை தட்டச் சொன்னார்கள். மே 3ந் தேதி விமானப் படை ஆஸ்பத்திரிகள்மேல் பூத் தூவியது. தமிழ்நாட்டிலோ, மாதம் 14,000 ரூபாய்க்குத் தற்காலிகமாக எடுத்த நர்சுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31ந் தேதியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் போராடிய பிறகுதான், வேறு திட்டங்களில் வேலை தருவதாகச் சர்க்கார் சொன்னது. தலைக்குமேல் வேலைநீக்கக் கத்தி தொங்கும்போது, "எனக்குத் தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை" என்று எந்த நர்ஸ் வாய் திறப்பாள்? சொன்னால் ஒப்பந்தம் முடிந்துவிடுமே!

இந்தக் காயம் வெளியே தெரியாது. தூக்கம் கெடும், காரணமில்லாமல் கோபம் வரும், பேச்சு நின்றுபோகும், செத்துப்போனால் தேவலை என்று தோன்றும். பேய் பிடித்தது என்றோ, திமிர் என்றோ யாரும் சொல்லவேண்டாம். இதற்கு வைத்தியம் உண்டு. 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்து தமிழிலேயே பேசலாம்; இது நமக்கும் சேர்த்துத்தான். 2017ம் வருஷத்து மனநல மருத்துவச் சட்டம், சர்க்கார் செலவில் நடக்கும் மனநல சிகிச்சையை எல்லோருக்கும் உரிமையாக்கியிருக்கிறது.

ஆனால் ஆறுதல் வார்த்தை மட்டும் போதாது. தூசி பறக்கும் மில்லில் இருமல் மருந்து கொடுத்துவிட்டுத் தூசியை அப்படியே விட்டால் நோய் போகுமா? ஆள் பற்றாக்குறை, ஓயாத டூட்டி, நிச்சயமில்லாத வேலை: இவைதான் ஆஸ்பத்திரியின் தூசி.

ஆகவே நாம் கோருவது இதுதான். காலியிடங்களை நிரப்பு; ஒப்பந்த நர்சுகளையும் துப்புரவுத் தொழிலாளர்களையும் நிரந்தரமாக்கு. எட்டு மணி நேர வேலையையும், கடும் டூட்டிக்குப் பின் சம்பளத்துடன் ஓய்வையும் உறுதிசெய். மனநல சிகிச்சை பெற்றதைக் காட்டி யாரையும் வேலையை விட்டு நீக்காதே. வேலையால் வந்த மனநோயைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். கொரோனா நாளில் வீடு வீடாக வந்து காய்ச்சல் பார்த்த கிராம சுகாதார நர்ஸ் யாருக்காக வந்தாள்? நமக்காக. அவள் தெருவுக்குள் வரும்போது, "உட்காரம்மா, தண்ணி குடி, நீ நல்லா இருக்கியா?" என்று கேட்போம். அவளுடைய சங்கம் தெருவில் இறங்கும்போது, செங்கொடியோடு பக்கத்தில் நிற்போம்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!