பழி சுமந்த படைத்தலைவர் லூ வாலஸ்



'பென்ஹர்' திரைப்படத்தைக் கண்டவர்கள் இவ்வவையில் பலர் இருப்பர். நான்கு குதிரைகள் பூட்டிய தேர்கள் ஒன்றையொன்று முந்தியோடும் அக்காட்சி கண்ணைவிட்டு அகலாதது. 1959இல் வெளிவந்து 11 ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற அப்படத்திற்கு மூலமான புதினத்தை எழுதியவர் யார் என வினவினால் விடை கூறுவோர் சிலரே. அவர் எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். வழக்கறிஞர், படைத்தலைவர், அரசியலாளர். லூ வாலஸ் என்னும் அப்பெருமகனார் நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஒரு பழியைச் சுமந்து வாழ்ந்தார். அப்பழியை அறியாது அவர்தம் எழுத்தை அறிதல் அரிது.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துப் புரூக்வில் என்னும் சிற்றூரில் 1827 ஏப்ரல் 10ஆம் நாள் வாலஸ் பிறந்தார். தந்தை டேவிட் வாலஸ் பின்னாளில் அம்மாநிலத்தின் ஆளுநராக விளங்கியவர். (அங்கு மாநில ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம் நாட்டு ஆளுநரோடு வைத்து மயங்குதல் கூடாது.) ஏழு வயதில் தாயை இழந்தார். சிற்றன்னையாக வந்த செரெல்டா அம்மையார் மதுவிலக்கிற்கும் பெண்களின் வாக்குரிமைக்கும் பாடுபட்டவர். பள்ளியில் அமர்ந்து கற்றதைவிடத் தந்தையின் நூலகத்தில் தாமே கற்றதே வாலசுக்கு மிகுதி. மெக்சிகோப் போர் மூண்டபோது தன்னார்வப் படையில் சேர்ந்து சென்றார். மீண்டு வந்து, 1849இல் வழக்கறிஞரானார். 1852இல் சூசன் எல்ஸ்டன் என்பாரை மணந்தார். 1856இல் மாநில மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். வழக்குத் தொழிலில் அவருக்கு என்றும் மனம் ஒன்றவில்லை.

1861இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. வடபுலத்தார் படையில் சேர்ந்த வாலஸ், 1862 பிப்ரவரியில் டொனெல்சன் கோட்டைப் போரில் திறம் காட்டினார். அடுத்த மாதமே மேஜர் ஜெனரல் என்னும் உயர்பதவி வந்தது. அப்போது அவருக்கு அகவை 34. வடபுலப் படையில் அப்பதவியில் இருந்தோருள் அன்று அவரே இளையவர்.

அப்பெருமை நிலைத்தது பதினாறு நாள்களே. ஏப்ரல் 6ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், டென்னசி ஆற்றங்கரையிலுள்ள ஷைலோ என்னுமிடத்தில் தென்புலப் படை எதிர்பாராத வகையில் பாய்ந்து தாக்கியது. தலைமைத் தளபதி கிராண்டின் பெரும்படை பிட்ஸ்பர்க் துறையை அடுத்துத் தங்கியிருந்தது. வாலசின் பிரிவோ சில மைல்களுக்கு அப்பால், கிரம்ப்ஸ் துறையில் இருந்தது. காலையில் படகில் அவ்வழியே சென்ற கிராண்ட், ஆயத்தமாக இருக்குமாறு வாலசிடம் கூறிச் சென்றார். ஆணை வந்து சேர்ந்தது நண்பகலை ஒட்டித்தான். அது வாய்மொழியாகப் பிறந்து, இடையில் ஒருவரால் எழுதப்பட்டு, கையொப்பம் இன்றி வந்த ஒரு தாள்.

அத்தாளில் என்ன எழுதியிருந்தது என்பதே வழக்கின் உயிர்நாடி. ஆற்றோரச் சாலை வழியே பிட்ஸ்பர்க் துறைக்கு வருமாறு ஆணையிட்டதாகக் கிராண்ட் கூறினார். படையின் வலப்புற அணியோடு சேருமாறே ஆணை கூறிற்று என்பது வாலசின் மொழி. வலப்புற அணியை அடைய உள்நாட்டுச் சாலையே குறுகிய வழி. அதனையே அவர் மேற்கொண்டார். ஆனால் அவர் செல்லுமுன்பே வலப்புற அணி பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. அவ்வழியே தொடர்ந்திருந்தால் பகைவரின் முதுகுப்புறத்தில் தனித்துச் சென்று சிக்கியிருப்பார். கிராண்டின் தூதர் வந்து உண்மை நிலையை உணர்த்திய பின்னர், வந்த வழியே திரும்பி, குறுக்குப் பாதையில் நடந்து களம் சேர்ந்தபோது இருள் சூழ்ந்திருந்தது. அன்றைய போர் ஓய்ந்துவிட்டது.

இதில் வாலசின் பிழை இல்லை எனல் இயலாது. நின்ற நிலையிலேயே படையைத் திருப்பாமல், முன்னணி முன்னணியாகவே இருக்க வேண்டுமென எண்ணிச் சுற்றித் திருப்பியதில் அரிய நேரம் கழிந்தது. ஆயினும் தெளிவற்ற ஆணையைத் தந்தவர்களின் பிழையும் அவர்மீதே ஏற்றப்பட்டது என்பது நடுநிலையாளர் கருத்து. இரு நாள் போரில் இருதரப்பிலுமாக ஏறத்தாழ 23,700 பேர் இறந்தும் காயமுற்றும் காணாமலும் போயினர். அத்தகைய இழப்பை அந்நாடு அதுவரை கண்டதில்லை. யார் பொறுப்பு என்று நாடே கேட்டது. மறுநாள் போரில் வாலசின் பிரிவு நன்கு போரிட்டதை எவரும் பேசவில்லை. சில திங்களில் அவர் களப்பொறுப்பினின்று நீக்கப்பட்டார். தம்மைக் காத்திருக்கக்கூடிய அந்தத் தாளோ தொலைந்துபோயிற்று.

புறப்புண் நாணி வடக்கிருந்த சேரமானை நம் புறநானூறு காட்டும். வாலஸ் உயிர் நீக்கவில்லை. ஆனால் அந்நாணம் அவரைவிட்டு நீங்கவும் இல்லை. 1863இல் விசாரணை மன்றம் அமைக்குமாறு வேண்டினார். தளபதி ஷெர்மனின் அறிவுரையால் அவ்வேண்டுகோளைத் திரும்பப் பெற்றார். 1864 ஜூலை 9ஆம் நாள் மொனாக்கசி ஆற்றங்கரையில், ஏறத்தாழ 5,800 வீரர்களைக்கொண்டு தம்மினும் இருமடங்கிற்கு மேற்பட்ட பகைப்படையை ஒரு பகல் முழுதும் தடுத்து நிறுத்தினார். போரில் தோல்விதான். ஆனால் அந்த ஒரு நாள் தாமதத்தால் தலைநகர் வாஷிங்டனுக்குத் துணைப்படை வந்து சேர்ந்தது. தாமதத்தால் பழி பெற்றவர் தாமதத்தாலேயே தலைநகரைக் காத்தார் என்பது விந்தையே. அச்செயலைக் கிராண்டும் மனமாரப் பாராட்டினார்.

போர் முடிந்தபின் வாலஸ் தாமே நீதி வழங்கும் இருக்கையில் அமர நேர்ந்தது. லிங்கன் கொலைச் சதியாளரை விசாரித்த இராணுவ மன்றத்தின் ஒன்பதின்மருள் அவரும் ஒருவர். நால்வருக்குத் தூக்கு. அவர்களுள் மேரி சுராட் என்னும் பெண்ணுக்குக் கருணை காட்டுமாறு உறுப்பினர் ஐவர் கையொப்பமிட்டனர்; வாலஸ் அவ்வைவருள் இல்லை. தம் வழக்கை எவரும் செவிமடுக்கவில்லையே என வருந்தியவர் இங்குக் கடுமையே காட்டினார் என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மை ஆகாது.

1870இல் நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றார். 1873இல் மெக்சிகோ வரலாற்றை வைத்து 'தி ஃபேர் காட்' என்னும் முதற் புதினத்தை வெளியிட்டார். 1876இல் ஒரு தொடர்வண்டிப் பயணத்தில், நாத்திக நாவலர் இங்கர்சாலைச் சந்தித்தார். அவரும் வழக்கறிஞர், அவரும் போர்வீரர். கடவுள், மறுமை பற்றி இங்கர்சால் பேசப் பேச, மறுமொழி கூறத் தமக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று வாலஸ் வெட்கினார். அவ்வெட்கமே 'பென்ஹர்' புதினத்தை எழுதி முடிக்க உந்தியது என்று அவரே எழுதியுள்ளார். இங்கர்சாலின் பேச்சு ஒரு சமயப் புதினத்திற்குத் துணைநின்றது என்பதை அவ்விருவருமே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

1878இல் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் அவரை நியூ மெக்சிகோ ஆட்சிப்புலத்தின் ஆளுநராக அமர்த்தினார். பகலில் கலகக்காரர்களை அடக்கும் பணி. இரவில் சான்டா ஃபே நகரின் பழைய ஆளுநர் மாளிகையில் புதினத்தின் இறுதிப் பகுதி. 1879 மார்ச்சில் பில்லி தி கிட் என்னும் இளைஞனை இரவில் தனியே சந்தித்து, சாட்சி கூறினால் மன்னிப்பு என்று பேசினார். இளைஞன் சாட்சி கூறினான், மன்னிப்பு வரவில்லை. சிறையிலிருந்து அவன் எழுதிய மடல்களும் பயன் தரவில்லை. 1881 ஜூலை 14 இரவில் சுட்டுக் கொல்லப்பட்டான். அம்மன்னிப்பை அப்போதேனும் வழங்கலாமா என்று 2010இல் அம்மாநில ஆளுநர் ஆராய்ந்து, மறுத்துவிட்டார்.

1880 நவம்பரில் 'பென்ஹர்' வெளிவந்தது. கூரை ஓடு ஒன்று தவறி விழுந்து ரோமானிய ஆளுநரைக் காயப்படுத்த, கொலை முயற்சி எனக் குற்றஞ்சாட்டப்பட்டு, விசாரணையே இன்றித் துடுப்பு வலிக்கும் அடிமையாக்கப்படுகிறான் யூதா பென்ஹர். தற்செயலாய் நேர்ந்தது குற்றமாகிவிடுகிறது. சொல்ல வந்ததைக் கேட்பார் இல்லை. ஷைலோவின் நிழல் இங்கு விழுந்துள்ளதை ஆய்வாளர் சிலர் சுட்டியுள்ளனர். அது பொருந்தும். தேரோட்டத்தைவிட அந்த ஓடு விழும் காட்சியே இப்புதினத்தின் உயிர் எனலாம்.

புதினத்தைப் படித்து மகிழ்ந்த குடியரசுத் தலைவர் கார்ஃபீல்ட், வாலசைத் துருக்கிக்குத் தூதராக அனுப்பினார். 1885 வரை அங்கிருந்தார். அதற்குப் பின்னரே தாம் எழுதிய மண்ணை அவர் கண்ணால் கண்டார் என்றில்லை. பதவியில் இருந்தபோதே பாலத்தீனம் சென்று, நூலறிவால் வரைந்தவை சரியாகவே அமைந்திருக்கக் கண்டு நிறைவுற்றார்.

அதே 1885இல், நோயுற்றுத் தம் நினைவுக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்த கிராண்டின் கைக்கு ஒரு பழைய மடல் வந்தது. ஷைலோவில் மாண்ட மற்றொரு தளபதி வாலசின் மனைவி அனுப்பியது. போருக்கு முந்தைய நாள் லூ வாலஸ் எழுதிய அம்மடல், அவர் உள்நாட்டுச் சாலையைத் தேர்ந்தது முன்னரே கருதிய ஏற்பாடு என்பதைக் காட்டியது. கிராண்ட் தம் நூலில் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்துத் தம் கடுமையைத் தணித்துக்கொண்டார். நூலின் உடற்பகுதி மாற்றப்படவில்லை. படிப்போர் எத்தனை பேர் அடிக்குறிப்பைப் பார்க்கிறார்கள்!

1901இல், 74 வயதில், வாலஸ் மீண்டும் ஷைலோவுக்குச் சென்று அன்று தம் படை நடந்த வழியைத் தேடி நடந்தார். தன்வரலாறு முற்றுப்பெறுமுன் 1905 பிப்ரவரி 15ஆம் நாள் மறைந்தார். எஞ்சிய பகுதியைச் சூசன் அம்மையார் தொகுத்து முடித்து, 1906இல் இரு தொகுதிகளாக வெளிவரச் செய்தார்.