வண்டி நிறுத்த இடம் யாருக்கு?

(புன்னக்காயலில் மீனவர், உப்பளத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர், மில் தொழிலாளர் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



தாமிரபரணி கடலோடு கலக்கிற இந்த ஊரில் வண்டி நிறுத்த இடமில்லை என்று யாரும் குறைப்பட்டதில்லை. மணல் கிடக்கிறது, மர நிழல் கிடக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு வள்ளத்துக்குப் போய்விடுகிறோம். அப்படியிருக்க, பட்டணத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்த இடமில்லை என்ற பேச்சு இங்கே எதற்கு என்று சிலர் கேட்கலாம்.

நாம் குடியிருப்பது இங்கே. நம் கூலி இருப்பது பட்டணத்தில். விடியுமுன் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போகிறவர் நம்மவர். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலிலும் வாழைத் தோட்டத்திலும் வேலை அற்றுப் போன நாளில் கட்டிட வேலை தேடிப் போகிறவர் நம்மவர். மில்லில் இராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவரும், ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் கால்கடுக்க நிற்கிற நம் வீட்டுப் பெண்ணும் நம்மவரே. இவர்கள் போய்ச் சேர ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு பத்து மணி நேரம் அந்த வண்டி எங்கேயாவது நின்றாக வேண்டும். எங்கே நிற்பது? இதற்குப் பதில் சொல்ல யாரும் தயாரில்லை.

இது ஆடம்பர வண்டியா?

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் வசதி படைத்தவர் என்று நினைத்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலம் மலையேறிவிட்டது. 1980-இல் ஓசூரில் உற்பத்தியாகி வந்த டி.வி.எஸ். 50, உழைப்பாளியின் மாட்டு வண்டியாக மாறியது. மீன் கூடை, பால் கேன், புல்லுக்கட்டு, சிமெண்டு மூட்டை எல்லாம் அதன் மேல்தான். இன்று இந்தியாவில் பதிவான மோட்டார் வாகனங்களில் நான்கில் மூன்று பங்கு இரண்டு சக்கர வண்டிகளே.

அந்தக் காலத்தில் பாபநாசத்தில் ஹார்வி மில் வந்தபோது, மில்லை ஒட்டித் தொழிலாளர் குடியிருப்பு எழுந்தது. சங்கு ஊதினால் தொழிலாளி நடந்தே போனார். இன்று குடியிருப்பும் இல்லை. ஷிப்டு நேரத்துக்குப் பஸ்ஸும் இல்லை. 'நேரத்துக்கு வந்து சேர், எப்படி வருவாயோ அது உன் பாடு' என்கிறார் முதலாளி. வேலைக்கு ஆள் வந்து சேரும் செலவு முழுவதையும் தொழிலாளியின் தலையில் கட்டியாகிவிட்டது. மாதத் தவணை, பெட்ரோல், டயர், ஸ்டாண்டு காசு, போதாக்குறைக்கு அபராதம்!

2018-இல் வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் தந்தது மாநில சர்க்கார். வாங்குவதற்கு மானியம் கிடைத்தது. வாங்கிய வண்டியைக் கடைவீதியில் நிறுத்த ஆறடி நிலம் கிடைத்ததா? இல்லை. 2022 அக்டோபரில் அபராதம்தான் உயர்ந்தது. தடை செய்த இடத்தில் நிறுத்தினால் முதல் தடவை 500 ரூபாய், மறுபடியும் நிறுத்தினால் 1,500 ரூபாய். ஒரு நாள் கூலி ஒரே சீட்டில் போய்விடுகிறது.

கீழ்த்தளம் எங்கே போயிற்று?

கடைவீதியில் ஏழு மாடி, எட்டு மாடி என்று எழும்புகிற கட்டிடங்களைப் பாருங்கள். பெரிய கடை கட்டினால் வண்டி நிறுத்த இடம் விட வேண்டும் என்பது சட்டம். வரைபடத்தில் அந்த இடம் இருக்கும், கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். கட்டி முடித்த பிறகு அங்கே போய்ப் பார்த்தால் பல இடங்களில் அது சரக்குக் கிடங்காக இருக்கும், அல்லது இன்னொரு கடையாக இருக்கும். வாடிக்கையாளரின் வண்டியும் கடை ஊழியரின் வண்டியும் தெருவுக்குத் தள்ளப்படும். தெரு நம் எல்லோருக்கும் சொந்தம்; லாபம் ஒருவருக்குச் சொந்தம்!

சென்னை தியாகராய நகரில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். அனுமதியை மீறிய கட்டிடங்கள் என்று 2011 அக்டோபரில் ரங்கநாதன் தெருவிலும் அக்கம்பக்கத்திலும் பெரிய கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். 2012 பொங்கலுக்கு முன்பே உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் கடைகள் தற்காலிகமாகத் திறந்தன. அதற்கும் முன்னால், 1998-இல், விதியை மீறிய கட்டிடத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த 113-ஏ என்ற பிரிவையே நகரமைப்புச் சட்டத்தில் சேர்த்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாடி மாடியாக விதியை மீறியவருக்கு வழி இருக்கிறது, வாய்தா இருக்கிறது. ஆறடி இடத்தில் மீறிய தொழிலாளியின் வண்டியை மட்டும் லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறார்கள். இது என்ன நியாயம்?

இடத்தின் கணக்கு

'இடமே இல்லை, என்ன செய்வது?' என்று சொல்வார்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு கார் நிற்கிற இடத்தில் நான்கைந்து மோட்டார் சைக்கிள் நிற்கும். அதே தியாகராய நகரில் பொதுப் பணத்தில் பல மாடி வண்டி நிறுத்தகம் கட்டினார்கள். 222 கார், 513 இரண்டு சக்கர வண்டி நிற்கும் என்றார்கள். கேட்பதற்கு நமக்கே அதிகம் என்று தோன்றும். ஆனால் 513 வண்டி என்பது ஏறக்குறைய 100 முதல் 130 கார் நிற்கும் இடம்தான். நான்கில் மூன்று பங்கு வண்டிக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு இடம்!

திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் நிலையம் 2018-இல் மூடப்பட்டது. மறுபடியும் 2024-இல்தான் திறந்தது. இடையில் கழிந்த ஆண்டுகளில் ஜங்ஷனில் பஸ் ஏற அலைந்தவர் யார்? காரில் போகிறவரா?

நம் பக்கத்துத் தவறு

தோழர்களே, நம்மிடமும் தவறு உண்டு. அதை மறைக்கக் கூடாது. அவசரத்தில் நடைபாதையில் வண்டியை ஏற்றி நிறுத்துகிறோம். நடந்து போகிற கிழவி பஸ்ஸுக்கு நடுவே இறங்கி நடக்கிறாள். மீன் கூடை வைத்து உட்காருகிற தாயின் முன்னால் வண்டியைப் போட்டு அவள் வியாபாரத்தை மறைக்கிறோம். அவளும் நம் வர்க்கம். தெருவோர வியாபாரிகளைக் காக்க 2014-இல் சட்டம் வந்தது. வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்றால் அவளைத்தான் துரத்த வேண்டும் என்று சொல்லி நம்மை அவளோடு மோதவிடப் பார்ப்பார்கள். அந்த வலையில் நாம் விழக் கூடாது. நாம் கேட்கும் இடம் அவளுடையது அல்ல. கிடங்காக மாற்றிய கீழ்த்தளமே நாம் கேட்கும் இடம்.

பஸ்தான் பெரிய பதில்

'லண்டனிலும் பாரிசிலும் மோட்டார் சைக்கிளுக்குக் காசு வாங்குகிறார்களே' என்று வாதிப்பவர் உண்டு. உண்மைதான். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை 2008-இல் வாங்கத் தொடங்கியது; ஓட்டுகிறவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். பாரிஸ் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆனால் அந்த நகரங்களில் பூமிக்கடியில் ரயில் ஓடுகிறது, இராத்திரியிலும் பஸ் ஓடுகிறது. வண்டியை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போக வழியுண்டு. நமக்கு அந்த வழியைக் கொடுத்துவிட்டுப் பிறகு காசைப் பற்றிப் பேசட்டும்.

நகரப் போக்குவரத்துத் திட்டம் வண்டிகளுக்காக அல்ல, மனிதர்களுக்காக இருக்க வேண்டும் என்று 2006-இல் மத்திய சர்க்காரின் கொள்கை அறிக்கையே சொன்னது. 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபோது எத்தனை கூலிப் பெண்கள் மூச்சு விட்டார்கள்! பஸ் சரியாக ஓடினால் பாதி வண்டி ஊரிலேயே நிற்கும். அதுவரை வண்டிக்கு இடம் வேண்டும்.

நாம் கேட்பது

1. வரைபடத்தில் வண்டி நிறுத்தக் காட்டிய கீழ்த்தளம் அதற்கே திறக்கப்பட வேண்டும். மூடி வைத்தவருக்கு அபராதம் போட வேண்டும்.

2. மில்லும் கடையும் தங்கள் ஊழியரின் வண்டிக்குக் கேட்டுக்குள்ளேயே கூரையோடு இடம் தர வேண்டும்.

3. பொதுப் பணத்தில் கட்டும் நிறுத்தகத்தில் வண்டிகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி இரண்டு சக்கரத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும். அதைக் குத்தகைக்கு விடாமல் நகரசபையே நடத்த வேண்டும். கூலிக்காரருக்கு மாதச் சீட்டு வேண்டும்.

4. நிறுத்த இடம் காட்டாத தெருவில் வண்டியைத் தூக்கக் கூடாது.

5. ஷிப்டு மாறும் நேரத்துக்கும், மீன் ஏலம் முடியும் நேரத்துக்கும் பஸ் விட வேண்டும்.

கோரிக்கை மட்டும் போதாது. அடுத்த வாரம் ஒவ்வொரு மில் வாசலிலும் கடைவீதியிலும் இரண்டு பேர் நின்று எண்ணுங்கள். எத்தனை வண்டி, எத்தனை இடம்? தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. பெரிய கட்டிடங்களின் அனுமதி வரைபடத்தைக் கேட்டு எழுதுங்கள். எண்ணிய கணக்கையும் வரைபடத்தையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு நகரசபை வாசலுக்குப் போவோம்.

'இங்கே நிறுத்தாதே' என்று பலகை நட்டவர்கள், எங்கே நிறுத்துவது என்பதற்கும் ஒரு பலகை நடட்டும். அது வரை நாம் விடப்போவதில்லை.