தண்ணீர் தாங்கும்



கொல்கத்தாவில் அலிப்பூர் என்று ஓர் இடம். பழைய 24 பர்கானா மாவட்டத்துக்கு அதுதான் தலைமையிடம். அந்த மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர் மசூதுர் ரஹ்மான் பைத்யா. சிறு வயதில் ரயில் விபத்தில் சிக்கினார். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் போயின. அவர் மூலையில் முடங்கவில்லை. நீந்தினார். 1997-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 2001-இல் ஜிப்ரால்டர் நீரிணையையும் கடந்தார். 2015-இல் காலமானார்.

இது எப்படி முடிந்தது? நீரில் நம் உடலைத் தாங்குவது தண்ணீர். முன்னே கொண்டு போவது பெரும்பாலும் கைகள். இடுப்பளவு நீரில் நின்றால், ஏறக்குறையப் பாதி எடைதான் காலில் விழும்.

கணுக்காலில் அறுவை சிகிச்சை ஆனவர்களும் இதனால் மறுபடி நீந்தலாம். ஆனால் அவசரம் கூடாது. ஆறாத புண்ணில் தண்ணீர் பட்டால் சீழ் பிடிக்கலாம். புண் நன்றாக ஆறட்டும். டாக்டர் சரி என்ற பிறகே இறங்குங்கள்.

முதலில் இடுப்பளவு நீரில் நடங்கள். பிறகு கைகளால் நீந்துங்கள். காலை மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். தவளைபோல உதைத்தால் கணுக்கால் திருகும். அதைக் கடைசியில் பழகலாம். கரையிலிருந்து குதிக்காதீர்கள். பாசிப் படியில் துணையோடு இறங்குங்கள். வலியோ வீக்கமோ கூடினால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கால் போனவர் கடலைக் கடந்தார். கால் உள்ளவர் பொறுத்திருந்தால் குளத்தைக் கடக்க மாட்டாரா?